16 கோடி ரூபாய் ஊசிக்கு இலவசக் குலுக்கல்: திட்டம் எப்படி?

எஸ்எம்ஏ என்ற மரபணு நோய்க்கான ஸோல்ஜென்ஸ்மா ஊசியை இலவசமாகத் தர நோவார்ட்டிஸ் மருந்துக் கம்பெனி 2020 ஜனவரியில் ஆரம்பித்த திட்டத்தைப் பற்றித் தமிழில் வந்த செய்திகள் எல்லாம் ஒரே அச்சு: 16 கோடி ரூபாய் ஊசி, குலுக்கலில் குழந்தைக்கு அடித்தது அதிர்ஷ்டம், கூடவே ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு குழந்தை படம், முடிந்தது. இதுவும் ஒரு சேவைதானே? விண்ணப்பம் இருக்கிறது, தகுதி விதி இருக்கிறது, நடத்திக் கொடுக்க வெளி நிறுவனம் இருக்கிறது, காத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அப்படியானால் மற்ற சேவைகளை உரசிப் பார்ப்பது போல இதையும் உரசிப் பார்த்துவிடலாம். எங்கள் வீட்டில் யாருக்கும் இந்த நோய் இல்லை, நான் விண்ணப்பித்ததும் இல்லை. விதிகளையும் அதைச் சுற்றி நடந்த சண்டைகளையும் படித்த அளவில்தான் எழுதுகிறேன்.

முதலில் நோய். எஸ்எம்ஏ, நம் பத்திரிகைகள் முதுகெலும்புத் தசைநார்ச் சிதைவு என்று எழுதுவது. எஸ்எம்என்1 என்ற மரபணு இல்லாமலோ பழுதாகியோ பிறக்கும் குழந்தைக்குத் தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். உலக அளவில் ஏறத்தாழ 10,000 பிறப்புக்கு ஒரு குழந்தை. இதில் முதல் வகைதான் கொடியது. ஆறு மாதத்துக்குள் தெரிந்துவிடும்: தலை நிற்காது, குப்புற விழாது, அழுகைச் சத்தம் மெலிந்துகொண்டே போகும், பால் குடிக்கத் திணறும். அறிவில் ஒரு குறையும் இருக்காது, முகம் பார்த்துச் சிரிக்கும், அதுதான் பெற்றவர்களை ஏமாற்றிவிடுகிறது. சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் 2 வயதுக்குள் இறந்துவிடுவார்கள், அல்லது நிரந்தரமாக வென்டிலேட்டரில் இருப்பார்கள்.

மருந்து என்னவென்றால், ஏஏவி9 என்ற வைரஸின் கூட்டுக்குள் வேலை செய்யும் மரபணுவை வைத்து ரத்தக் குழாய் வழியாக ஒரு மணி நேரம் ஏற்றுவது. வாழ்நாளுக்கு ஒரே முறை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் 15 குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்த முடிவு 2017-ல் வந்தது. 20 மாத வயதில் 15 பேரும் நிரந்தர வென்டிலேட்டர் இல்லாமல் உயிரோடு இருந்தார்கள். சிகிச்சை இல்லாத பழைய கணக்கில் அந்த வயதில் அப்படி இருப்பது 8 சதவீதம்தான். 2019 மே மாதம் அமெரிக்க ஒப்புதல் வந்தது, விலை 21 லட்சத்து 25 ஆயிரம் டாலர் என்று அறிவித்தார்கள்.

இரண்டு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் எல்லாப் பிரச்சினையும் அதிலிருந்துதான் கிளம்புகிறது. ஒன்று, செத்த நரம்பு செல் திரும்ப வராது, மருந்து மிச்சமிருப்பதைத்தான் காப்பாற்றும், அதனால் ஒவ்வொரு வாரமும் கணக்கு. இன்னொன்று, ஒரு தடவை போட்டுவிட்டால் உடம்பு அந்த வைரஸை எதிர்க்கக் கற்றுக்கொண்டுவிடும், மறுபடி போட முடியாது.

சரி, சேவைக்கு வருவோம். 2020 தொடக்கத்தில் மருந்து அமெரிக்காவில் விற்பனைக்கு வந்திருந்தது, மற்ற நாடுகளில் இன்னும் ஒப்புதல் வரவில்லை, ஆனால் குழந்தைகள் எல்லா நாட்டிலும் செத்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனி சொன்னது இது: எங்களுக்கு உரிமம் உள்ள தொழிற்சாலை ஒன்றுதான் இருக்கிறது, உற்பத்தி அளவோடுதான் முடியும், 2020-ல் 100 டோஸ் வரை இலவசமாகத் தருகிறோம், ரெண்டு வாரத்துக்கு ஒரு முறை குலுக்கல், ஒரு குழந்தையையோ ஒரு நாட்டையோ இன்னொன்றுக்கு மேலே வைக்க மாட்டோம். பெற்றோர் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது, சிகிச்சை தரும் டாக்டர்தான் விண்ணப்பிக்க வேண்டும். குழந்தைக்கு 2 வயது ஆகியிருக்கக் கூடாது, மரபணுப் பரிசோதனையில் நோய் உறுதியாகியிருக்க வேண்டும், ஏஏவி9 வைரஸை எதிர்க்கும் புரதங்கள் (ஆன்டிபாடி) ரத்தத்தில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்கக் கூடாது, அந்த நாட்டில் மருந்துக்கு ஒப்புதல் இருக்கக் கூடாது, ஆனால் ஒப்புதல் இல்லாத மருந்தை இறக்குமதி செய்ய அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்க வேண்டும். பெயர் வராத குழந்தை அடுத்த குலுக்கலிலும் இருக்கும், வயது தாண்டும் வரை. 2020-க்குப் பிறகும் திட்டம் தொடர்ந்தது. 2021-ல் தமிழ்நாட்டுக் குழந்தை ஒன்றுக்கும் இதில் கிடைத்து, டெல்லியில் ஊசி போட்டார்கள்.

அறிவிப்பு வந்த உடனேயே ஐரோப்பாவில் எஸ்எம்ஏ நோயாளி அமைப்புகள் கொதித்தன. குழந்தையின் உயிரைக் குலுக்கிப் போடுவதா, மருத்துவத் தேவையைப் பார்க்க வேண்டாமா என்று. நானும் முதலில் படித்தபோது அப்படித்தான் நினைத்தேன், கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது இல்லையா. ஆனால் குலுக்கல் வேண்டாம் என்றால் வேறு எதை வைப்பது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் கதை வேறு.

மனிதர்கள் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கட்டும் என்றால், அதைச் செய்து பார்த்த ஊர் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டல். 1960-ல் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற டாக்டர் டெஃப்லான் குழாய் ஒன்றைக் கையில் நிரந்தரமாகப் பொருத்தி, சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குத் திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்ய வழி கண்டுபிடித்தார். அதுவரை அந்த நோய்க்கு மரணம்தான் முடிவு. 1962-ல் மையம் திறந்தபோது இடம் சில பேருக்குத்தான், கேட்டு வந்தவர்கள் பல மடங்கு. அதனால் ஏழு பேர் கொண்ட குழு ஒன்றைப் போட்டார்கள்: ஒரு வழக்கறிஞர், ஒரு பாதிரியார், ஒரு வங்கிக்காரர், ஒரு இல்லத்தரசி, ஒரு அரசு அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஒரு அறுவை சிகிச்சை நிபுணர். பெயர்கள் ரகசியம். 45 வயதுக்கு மேற்பட்டவர்களையும் சிறுவர்களையும் முதலிலேயே கழித்துவிட்டு, மீதி இருப்பவர்களில் யார் பிழைக்க வேண்டும் என்று இவர்கள் முடிவு செய்தார்கள். எதை வைத்து? கல்யாணம் ஆனவரா, எத்தனை பிள்ளைகள், என்ன வேலை, சொத்து எவ்வளவு, சர்ச்சுக்குப் போகிறாரா, ஊர்ப் பொது வேலைகளில் பங்கெடுக்கிறாரா. 1962 நவம்பரில் லைஃப் பத்திரிகை இதை வெளியே கொண்டுவந்தபோது நாடே அதிர்ந்தது. அந்த ஏழு பேரும் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை, சம்பளம் வாங்காமல் ராத்திரித் தூக்கம் கெட்டு உட்கார்ந்தவர்கள். ஆனால் தங்களைப் போல இருப்பவர்கள்தான் அவர்கள் கண்ணுக்கு நல்லவர்களாகத் தெரிந்தார்கள். தனியாக வாழ்பவர், வேலை மாறி மாறிப் போனவர், ஊரோடு ஒட்டாதவர் எல்லாம் பின்னால் போய்விட்டார்கள். நம் ஊரில் இப்படி ஏழு பேரை உட்கார வைத்தால் என்னென்ன பார்ப்பார்கள் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

வரிசையில் முதலில் வருபவருக்கு முதலில் என்றால், அதை நாமே பார்த்துவிட்டோம். 2021 ஏப்ரல் கடைசியில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் கொரோனாவுக்குக் கொடுத்த ரெம்டெசிவிர் மருந்துக்குக் கவுன்ட்டர் திறந்தது நினைவிருக்கிறதா? டாக்டர் சீட்டு, பரிசோதனை ரிப்போர்ட், ஆதார் எல்லாம் கையில் பிடித்துக்கொண்டு ராத்திரியிலிருந்தே ஆட்கள் நின்றார்கள், ரோட்டிலேயே தூங்கினார்கள். மே மாதம் நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள், அங்கேயும் அதே கூட்டம், அப்புறம் மருத்துவமனைகளுக்கே நேரடியாகத் தர ஆரம்பித்தார்கள். அந்த வரிசை யாரைத் தேர்ந்தெடுத்தது? ராத்திரி முழுக்க நிற்கத் தெம்புள்ள ஒரு மகனோ மருமகனோ இருந்தவரை. செங்கல்பட்டிலிருந்து பஸ் கிடைக்காதவரை அது தேர்ந்தெடுக்கவில்லை. (இதில் இன்னொரு கொடுமை, 2020 நவம்பரிலேயே உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்தை மருத்துவமனை நோயாளிகளுக்குப் பயன்படுத்துவதற்கு எதிராகப் பரிந்துரை செய்திருந்தது. வரிசை நீளமாக இருப்பதற்கும் மருந்து வேலை செய்வதற்கும் சம்பந்தமில்லை.)

அடுத்தது பொதுமக்களிடம் நன்கொடை திரட்டுவது. இந்தியாவில் ஸோல்ஜென்ஸ்மாவுக்கு நிஜமான போட்டிச் சேவை இதுதான். 2021-ல் மும்பைக் குழந்தை ஒன்றுக்கு 16 கோடி சேர்ந்தது, சுங்கமும் ஜிஎஸ்டியும் சேர்ந்து வரும் 6 கோடியை மத்திய அரசு தள்ளுபடி செய்தது. அதே வருஷம் கேரளத்தில் ஒரு குடும்பம் 18 கோடி கேட்டது, ஒரே வாரத்தில் 40 கோடிக்கு மேல் கொட்டியது, மிச்சத்தை மற்றக் குழந்தைகளுக்குத் திருப்பிவிட்டார்கள். நாமக்கல் பக்கம் ஒரு குழந்தைக்காகத் தமிழ்நாடே சில்லறை சேர்த்தது. இதெல்லாம் நல்ல மனிதர்கள் செய்த நல்ல காரியம், நானும் 500 ரூபாய் போட்டிருக்கிறேன். ஆனால் தேர்வு முறை என்று பார்த்தால் இதைவிட மோசமானது கிடையாது. வீடியோவில் நன்றாகப் பேசத் தெரிந்த அப்பா வேண்டும், குழந்தை சிரிக்க வேண்டும், ஒரு நடிகரோ கிரிக்கெட் வீரரோ பகிர வேண்டும், அந்த வாரம் வேறு பெரிய செய்தி இருக்கக் கூடாது. மூக்கில் குழாயோடு அழுதுகொண்டிருக்கும் குழந்தையைவிட பொட்டு வைத்துச் சிரிக்கும் குழந்தைக்குப் பணம் வேகமாகச் சேரும். சியாட்டல் குழுவில் ஏழு பேர், இங்கே ஏழு லட்சம் பேர், அவ்வளவுதான் வித்தியாசம். மூன்றாவது, நாலாவது குழந்தை வரும்போது ஜனங்களுக்குச் சலித்தும் போய்விடுகிறது, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இவற்றோடு வைத்துப் பார்க்கும்போது குலுக்கல் எவ்வளவோ மேல். அழகு பார்க்காது, சாதி பார்க்காது, அப்பாவின் சம்பளம் பார்க்காது. டாக்டருக்கும் நிம்மதி, அவரிடம் நாலு குழந்தைகள் இருந்தால் நாலு பேருக்கும் விண்ணப்பம் போடலாம், யாரைக் கைவிடுவது என்று அவர் தேர்வு செய்ய வேண்டாம். நம் ஆட்களுக்கும் இது புதிதில்லை, பேசித் தீராத பாகப்பிரிவினையில் சாமி முன்னால் திருவுளச்சீட்டு போட்டுவிட்டு எழுந்து போன குடும்பங்கள் எத்தனை. மருந்துத் துறையிலும் முன்னுதாரணம் உண்டு, 1995-ல் எச்ஐவிக்கு சக்வினாவிர் என்ற புது மருந்து வந்தபோது, ஒப்புதலுக்கு முன்னால் இருந்த கொஞ்ச மருந்துக்கு ரோஷ் கம்பெனி குலுக்கல்தான் நடத்தியது.

ஆனால் "மருத்துவத் தேவையைப் பார்க்க வேண்டாமா" என்ற கேள்வி அப்படியே நிற்கிறது, அதைத் தட்டிவிட முடியாது. மூன்று குழந்தைகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒன்று ஆறு வாரக் குழந்தை, அக்கா இதே நோயில் இறந்ததால் பிறந்த உடனே பரிசோதித்துக் கண்டுபிடித்தார்கள், இன்னும் அறிகுறியே இல்லை. இரண்டாவது ஒன்பது மாதம், தலை நிற்கவில்லை, மூச்சு வயிற்றிலிருந்து வருகிறது. மூன்றாவதுக்கு 23 மாதம், இன்னும் ஒன்றோ ரெண்டோ குலுக்கல்தான் பாக்கி. ஊசி ஒன்று. யாருக்கு?

பலன் யாருக்கு அதிகம் என்று கேட்டால் சந்தேகமே இல்லை, ஆறு வாரக் குழந்தைக்குத்தான். அறிகுறிக்கு முன்னால் போட்டால் நிற்கவும் நடக்கவும் கூட வாய்ப்பு உண்டு. யாருக்கு அவசரம் என்று கேட்டால் 23 மாதக் குழந்தைக்கு, அதற்கு அப்புறம் கதவு மூடிவிடும். ஆனால் அந்தக் குழந்தைக்கு இழந்தது பெரும்பாலும் திரும்பாது, முழுக்க வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தைகளுக்கு மருந்து எப்படி வேலை செய்யும் என்று சோதித்தே பார்க்கவில்லை என மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது. யார் கண் முன்னால் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டால் ஒன்பது மாதக் குழந்தை. மூன்று கேள்விக்கும் மூன்று பதில், மூன்றும் நியாயமான கேள்வி.

நிறைய டாக்டர்கள் பலனைத்தான் பார்க்க வேண்டும் என்பார்கள், ஊசியை வீணாக்கக் கூடாது என்பது வாதம். எனக்கும் அதில் பாதி மனசு உண்டு. மீதிப் பாதி எங்கே இடிக்கிறது என்றால், சீக்கிரம் கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைக்குத்தான் பலன் அதிகம், சீக்கிரம் கண்டுபிடிப்பது யார் கையில் இருக்கிறது? அமெரிக்கா 2018-லேயே இந்த நோயைப் பச்சிளங்குழந்தைகளுக்கான பரிசோதனைப் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைத்துவிட்டது, அங்கே குதிகாலில் குத்தி எடுக்கும் ரத்தச் சொட்டில் முதல் வாரமே தெரிந்துவிடும். இந்தியாவில் தேசிய அளவில் அப்படி ஒன்று இல்லை. இங்கே தலை நிற்கவில்லை என்றால் பாட்டி "சில பிள்ளைக்கு மெதுவாத்தான் வரும், இவன் அப்பனும் அப்படித்தான்" என்பார், பக்கத்துக் கிளினிக்கில் கால்சியம் சொட்டு எழுதுவார்கள், அங்கிருந்து மாவட்டத் தலைநகர், அங்கிருந்து சென்னையோ வேலூரோ, ரத்தம் லேபுக்குப் போய் ரிப்போர்ட் வரும்போது குழந்தைக்குப் பத்து மாதம் ஆகியிருக்கும். பலனை அளவுகோலாக வைத்தால் இந்தக் குழந்தை ஒவ்வொரு முறையும் தோற்கும். ஏற்கெனவே ஒரு தடவை தோற்ற குழந்தை, அதே காரணத்துக்காக மறுபடியும்.

இதற்கு நடுவழி ஒன்று உண்டு. 2020-ல் அமெரிக்காவில் ரெம்டெசிவிர் பற்றாக்குறை வந்தபோது பிட்ஸ்பர்க் மருத்துவமனைகள் சாதாரணக் குலுக்கலை விட்டுவிட்டு எடை போட்ட குலுக்கலை வைத்தன. எல்லாருக்கும் வாய்ப்பு உண்டு, யாருக்கும் பூஜ்யம் கிடையாது, ஆனால் ஏழைப் பகுதியிலிருந்து வருபவருக்கும் அத்தியாவசிய வேலை செய்பவருக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூட. ஸோல்ஜென்ஸ்மாவுக்கும் இதைச் செய்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வேறு எஸ்எம்ஏ மருந்து எதுவுமே எட்டாத நாட்டுக் குழந்தைக்குச் சீட்டு ரெண்டு, அரசே வேறு மருந்து தரும் நாட்டுக் குழந்தைக்குச் சீட்டு ஒன்று. நாடு பார்க்க மாட்டோம் என்று கம்பெனி சொன்னது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நாடுகள் ஒன்றுபோல இல்லையே.

இங்கேதான் எனக்கு உத்திரமேரூர் ஞாபகம் வந்தது. பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைப் பள்ளியில் எல்லாரும் படித்திருப்போம்: பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள், யாருக்கும் பாரபட்சம் இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அதே கல்வெட்டில் ஓலையில் பெயர் எழுத என்ன தகுதி என்றும் இருக்கிறது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், 35-க்கு மேல் 70-க்குள் வயது வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். குடத்துக்குள் கை விட்ட சிறுவன் நேர்மையானவன்தான், ஆனால் அவன் கை விடுவதற்கு ரொம்ப முன்னாலேயே ஊரில் பாதிக்கு மேல் வெளியே நின்றாயிற்று.

இந்தத் திட்டத்தில் என் முக்கியமான புகாரும் அதுதான். குலுக்கல் சுத்தமானது. குலுக்கலுக்குள் நுழைய என்னென்ன வேண்டும் என்று மறுபடி பாருங்கள். நோயைச் சந்தேகப்படும் ஒரு டாக்டர், பணம் கட்டிச் செய்யும் மரபணுப் பரிசோதனை, ஆங்கிலத்தில் விண்ணப்பம் போட்டுப் பின்தொடர நேரமுள்ள நரம்பியல் நிபுணர், மரபணு சிகிச்சை கொடுத்துப் பழக்கமுள்ள மருத்துவமனை, இறக்குமதிக்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் தனிநபர் அனுமதி. பெட்டி உறைநிலையில் வரும், வந்து 14 நாளுக்குள் போட்டாக வேண்டும். ஊசி போட்ட பிறகு ஸ்டீராய்டு குறைந்தது ஒரு மாதம், கல்லீரல் பரிசோதனை குறைந்தது மூன்று மாதம், அதற்குப் பெரிய நகரத்தில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்க வேண்டும், அப்பா வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டும். ஊசி இலவசம், இது எதுவும் இலவசமில்லை. தஞ்சாவூர் பக்கம் ஒரு கிராமத்தில் நிமோனியா என்று எழுதி அடக்கம் செய்யப்படும் குழந்தையின் பெயர் எந்தக் குலுக்கலிலும் இருந்ததே இல்லை.

கல்லீரல் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊர்ச் செய்திகளில் இது வருவதே இல்லை. 2022-ல் ரஷ்யாவிலும் கஜகஸ்தானிலும் ரெண்டு குழந்தைகள் இந்த ஊசிக்குப் பின் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள், கம்பெனியே உறுதி செய்தது. 2019 ஆகஸ்டில் அமெரிக்க மருந்து நிர்வாகம் இன்னொரு விஷயத்தையும் வெளியிட்டது: ஒப்புதலுக்குக் கொடுத்த எலி ஆய்வுத் தகவலில் கை வைத்திருக்கிறார்கள், அது ஒப்புதலுக்கு முன்னாலேயே கம்பெனிக்குத் தெரியும். மனிதர்களில் கிடைத்த முடிவு திடமாக இருப்பதால் மருந்து சந்தையில் இருக்கலாம் என்று அந்த நிர்வாகமே சொன்னது, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் சொல்வது, "அதிர்ஷ்டம் அடித்தது" என்ற தலைப்பு பெற்றோரைக் கேள்வி கேட்க விடாமல் செய்துவிடுகிறது. கோடி ரூபாய் பரிசு வாங்கும் இடத்தில் நின்று கொண்டு பக்க விளைவு என்ன என்று யார் கேட்பார்கள்?

அடுத்தது பற்றாக்குறை. குலுக்கலுக்குச் சொன்ன காரணம் உற்பத்தி போதவில்லை என்பது. 2020 தொடக்கத்தில் அது உண்மையாகவே இருந்திருக்கலாம், மரபணு மருந்து தயாரிப்பது மாத்திரை அடிப்பது போல இல்லை. ஆனால் 2021-ல் இந்தியாவில் 16 கோடி சேர்ந்த குழந்தைகளுக்கு மருந்து வந்ததே? அவர்களுக்குக் குலுக்கல் கிடையாது, ரெண்டு வாரக் காத்திருப்பு கிடையாது. காசு கொடுத்தால் கிடைக்கிற ஒரு பொருளை இலவசமாகக் கேட்பவர்களுக்கு மட்டும் அபூர்வம் என்று சொன்னால், அங்கே அபூர்வமாக இருப்பது காசுதான். சியாட்டலில் நிஜமாகவே மெஷின் இல்லை. அங்கேயும் கடைசியில் என்ன நடந்தது? 1972-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சிறுநீரகச் செயலிழப்புக்கு டயாலிசிஸ் செலவை அரசே ஏற்கும் என்று சட்டம் போட்டது, யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற குழுவுக்கு வேலை இல்லாமல் போனது. தத்துவம் பேசித் தீராத பிரச்சினை பட்ஜெட்டில் தீர்ந்தது.

நம் அரசின் பக்கம், 2021-ல் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை வந்தது, 2022-ல் உதவித்தொகை உச்சவரம்பை 50 லட்சமாக உயர்த்தினார்கள். 16 கோடியில் அது 3 சதவீதம். மீதிக்கு? அரசே ஒரு நன்கொடை இணையதளம் வைத்திருக்கிறது, அதாவது ஏழு லட்சம் பேர் குழுவுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். இதற்கு நடுவில் உண்மையான மாற்றம் வந்தது வேறு பக்கத்திலிருந்து. ரிஸ்டிப்ளாம் என்று தினமும் வாயில் கொடுக்கும் எஸ்எம்ஏ மருந்து உண்டு, ரோஷ் கம்பெனியுடையது, பாட்டில் 6 லட்ச ரூபாய்க்கு மேல் விற்றது. ரோஷ் கேட்ட தடையை நீதிமன்றங்கள் கொடுக்க மறுத்த பிறகு 2025 அக்டோபரில் ஹைதராபாத்தின் நாட்கோ கம்பெனி அதன் ஜெனரிக்கை, அதாவது அதே மருந்தின் மலிவுப் பிரதியை, 15,900 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. ஒரே ஊசியில் முடியாது, வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும், ஆனால் குலுக்கல் வேண்டாம், வீடியோ வேண்டாம், வயது வரம்பு கழுத்தைப் பிடிக்காது. குலுக்கல் திட்டத்துக்கு நான் இதுவரை கொடுத்த பாராட்டெல்லாம் இந்த விலைப்பட்டியலுக்கு முன்னால் கொஞ்சம் சுருங்கிப்போகிறது.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: குலுக்கல் முறைக்கு 5-க்கு 4, எடை போடாததற்கு ஒன்று கழித்தேன். நுழைவு வாசலுக்கு 2. கணக்குக் காட்டுவதற்கு 1, அதுவும் பாவம் பார்த்து. எந்த நாட்டிலிருந்து எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை நிராகரித்தார்கள், காத்திருக்கும்போதே 2 வயது தாண்டியவர்கள் எத்தனை பேர், இறந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு சாதாரணப் பெற்றோர் பார்க்கிற மாதிரி ஒரு அட்டவணை நான் தேடியதில் கண்ணில் படவில்லை. ஒரு அரசு டெண்டருக்கே குலுக்கலை ஆட்கள் முன்னால் வைத்து நடத்தச் சொல்கிற ஊர் இது. குழந்தைகள் விஷயத்தில் நம்பிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் போதுமா?

குழந்தைக்கு இந்த நோய் என்று சந்தேகம் இருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. தலை நிற்கவில்லை, கை கால் துவண்டு கிடக்கிறது என்றால் யார் என்ன சமாதானம் சொன்னாலும் கேட்காமல் குழந்தைகள் நரம்பியல் டாக்டரிடம் நேரே போய்விடுங்கள். க்யூர் எஸ்எம்ஏ ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியா என்று பெற்றோர்களே நடத்தும் அமைப்பு இருக்கிறது, எந்தத் திட்டத்தில் இப்போது என்ன விதி என்று செய்தித்தாளைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பரிசோதனை எழுதிக் கொடுக்கும்போதே எஸ்எம்என்1 மட்டும் போதாது, அதைப் போன்ற துணை மரபணுவான எஸ்எம்என்2 எத்தனை நகல் என்பதும் ரிப்போர்ட்டில் வர வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள், ஏறக்குறைய எல்லாத் திட்டமும் அதைக் கேட்கும், விட்டுவிட்டால் மறுபடி ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பி ஒரு குலுக்கல் தவறிப்போகும்.